ஏழாம் எண் புல்

அடிதடிக்குக் காரணம் மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். அது தப்பு. அடிதடிக்குக் காரணம் புல் இல்லாததுதான் என்று அச்சடித்தே சொல்லிவிட்டார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை. முழுசாகப் படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கொரட்டூரில் எனக்குப் பொழுது போகாத வருடம் அது.

நடந்தது இதுதான். 1986-இல் அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய பொட்டல் மைதானத்தில் கொரட்டூர் அணிக்கும் வானகரம் அணிக்கும் கால்பந்து இறுதி ஆட்டம். எழுபதாவது நிமிடத்தில் ஒரு பெனால்டி. அது பெனால்டியா இல்லையா என்பதை இரண்டு ஊர்க்காரர்களும் கல்லால் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். முப்பத்தொரு பேருக்குத் தையல். நடுவரின் மண்டையில் மட்டும் பதினேழு தையல். விசாரிக்க ஒரு நபர் கமிஷன் போட்டார்கள். அந்த ஒரு நபர் ஆறு மாதம் யோசித்து எழுதினார்:

"மண் தரையில் விழுகிறவனுக்கு வலிக்கிறது. வலிப்பதால் கோபம் வருகிறது. கோபம் வந்தவன் குனிந்தால் கல் கிடைக்கிறது. புல் தரையில் விழுந்தால் வலிக்காது. குனிந்தால் புல்தான் கிடைக்கும்."

இப்படியாக 1987-இல் புறநகர் விளையாட்டுத் திடல் புல்வளர்ப்பு வாரியம் பிறந்தது. ஊரில் சுருக்கமாகப் புல் வாரியம் என்றார்கள். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு மாடியில் அலுவலகம். தலைவர் ராஜசேகரன், ஏதோ ஒரு குளிர்தேசத்தில் பதினோரு நாள் புல் பயிற்சி பெற்று வந்தவர். வரும்போது அவருடைய ஷூவில் அந்த ஊர் மண் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஊழியர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பெட்டியின் முன்னால் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். ஒரு தடவை தும்மியதற்காக ஒரு பியூனின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்தது.

அய்யாசாமி இங்கேதான் தினக்கூலியாகச் சேர்ந்தான். வயது நாற்பது. அடிதடி நடந்த அதே மைதானத்துக்குத் தண்ணீர் விடுவதும் உருளை இழுப்பதும் அவன் வேலை. அவனும் அவன் அப்பாவும் அந்த ஏரிப் பாசன வயல்களில் கூலிக்கு உழுது, நட்டு, களை பறித்தவர்கள். வயலெல்லாம் மனையானதும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மூட்டை தூக்கினான். அப்புறம் இது. அவனுக்கு மேலே மேற்பார்வையாளர் ஜம்புலிங்கம். பழைய நிலக்காரர். மைதானமாகிவிட்ட அந்த நிலம் ஒரு காலத்தில் அவருடைய அப்பாவுடையது.

அய்யாசாமிக்கு ஒரே ஒரு ஆசை. வேலை நிரந்தரமாக வேண்டும். சம்பளத்துக்காக இல்லை. வாரியத்தின் விதி ஒன்பதுதான் காரணம். நிரந்தர ஊழியர் தவறு செய்தால் மெமோ கொடுக்க வேண்டும். தினக்கூலி தவறு செய்தால் மேற்பார்வையாளர் கையாலேயே திருத்தலாம். காகிதச் சிக்கனத்தை உத்தேசித்து இந்த ஏற்பாடு என்று அடிக்குறிப்பு வேறு. மைதானம் திறக்கிற அன்றைக்கு உனக்கு நிரந்தர ஆணை என்று ராஜசேகரனே அவனிடம் சொல்லியிருந்தார்.

சித்திரை பிறந்ததும் விதை வந்தது. பன்னிரண்டு டப்பா. டப்பாவுக்கு ஒரு கான்ஸ்டபிள் பாதுகாப்பு. அந்தப் புல்லுக்கு வாயில் நுழையாத பெயர் என்பதால் ஏழாம் எண் புல் என்று வைத்தார்கள். ஒன்று முதல் ஆறு வரை என்ன ஆயின என்று கேட்டவன் எவனும் இல்லை. விதைப்பு விழாவில் ராஜசேகரன் பேசினார்:

"பெரியோர்களே! நம் நாட்டுப் புல் கண்ட இடத்தில் முளைக்கும். யாரையும் கேட்காது. கட்டுப்பாடு இல்லாத புல். ஆனால் ஏழாம் எண் அப்படியல்ல. உத்தரவு போட்டால்தான் வளரும். வெட்டென்றால் வெட்டிக்கொள்ளும். மிதித்தால் முனகாது. இப்படி ஒரு புல்லைப் பார்த்த பிறகு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு மனிதர்களையே பிடிக்காமல் போய்விட்டது."

பலத்த கைதட்டல். கை தட்டாத இரண்டு பேரைப் பந்தலுக்கு வெளியே கொண்டுபோய்த் தட்ட வைத்தார்கள்.

ஏழாம் எண் ஒல்லியாக, வெளிறிப்போய் முளைத்தது. அக்கினி நட்சத்திரம் தொடங்கிய ஒன்பதாம் நாள் முழுசும் செத்தது. வைக்கோல்கூட அதைவிடத் தெம்பாக இருக்கும். அய்யாசாமி ஓடிப்போய் ஜம்புலிங்கத்திடம் சொன்னான்.

"சார், புல்லு செத்துப்போச்சு சார்."

"இன்னாடா சொன்ன?"

"செத்துப்போச்சு சார். வேரோட காஞ்சு கீது."

முதல் அறை விழுந்தது. கடைவாய்ப் பல் ஒன்று கழன்று மண்ணில் போய் விழுந்தது.

"சாவல. ரெஸ்ட் எடுக்குது" என்றார் ஜம்புலிங்கம். "அந்தப் பல்ல எடு மொதல்ல. மைதானத்துல குப்ப போடக்கூடாது, தெரியாது?"

அய்யாசாமி பல்லைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். புல் ஓய்வெடுப்பதாக வாரியத்துக்கு அறிக்கை போனது.

ஆடியில் நல்ல மழை. ஏரித் தண்ணீரையும் அய்யாசாமி விடாமல் பாய்ச்சினான். இரண்டே வாரத்தில் மைதானம் பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது. ஓரத்திலிருந்து ஓரம் வரை, கணு கணுவாக ஓடிப் பின்னிக்கொண்ட புல். அந்தப் பக்கத்துக்காரன் எவனுக்கும் அது என்ன புல் என்று தெரியும். தலைமுறை தலைமுறையாக நெல்லுக்கு நடுவே வந்து தொலைத்த அருகு. வயலுக்கடியில் கிடந்த வேர் உயிர்த்துக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

ராஜசேகரன் வந்து பார்த்துவிட்டுக் கண்ணீர் விட்டார். போட்டோ எடுத்தார்கள். 'ஏழாம் எண்ணின் எழுச்சி' என்று வழவழ காகிதத்தில் புத்தகம் போட்டார்கள். கூட்டம் எல்லாம் போன பிறகு அய்யாசாமி மெதுவாக ஜம்புலிங்கத்தின் பக்கத்தில் போய் நின்றான்.

"சார், இது அருகு சார். நம்ம பெரியய்யா காலத்துல எங்கப்பா பறிப்பாரே, அதே அருகு."

ஜம்புலிங்கம் அவன் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு புல் உயரம் பார்க்க வைத்திருந்த இரும்பு ஸ்கேலால் ஓங்கி அடித்தார். தடுத்த கையில் சுண்டுவிரல் முறிந்தது.

"அருகுன்னு தெரியாமயாடா அடிக்கிறேன்?" என்றார் அவர், மூச்சு வாங்க. "தெரிஞ்சுதான்டா அடிக்கிறேன்."

நேர்மையான மனிதர் என்று இந்த ஒரு விஷயத்தில் அவரைச் சொல்லியாக வேண்டும். வாரியத்தில் வேறு யாரும் அடிப்பதற்குச் சரியான காரணத்தைச் சொன்னதில்லை.

சுண்டுவிரலுக்கு மூங்கில் தப்பை வைத்துக் கட்டிக்கொண்டே அவன் மனைவி அங்கம்மா திட்டினாள். அவள் ஏரிக்கரைப் பக்கம் பதினெட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு நடவு, களை என்று கூலி வேலைக்குக் கூட்டிப்போகிறவள். வாயும் கையும் ஒரே வேகம்.

"யோவ், அது அருகுன்னு அந்தாளுக்குத் தெரியாதா? உனக்கு இன்னாத்துக்கு வாயி?"

"தெரியாத்தனமா சொல்ட்டேன்மே. இன்னும் ஒன்றர வருசம். பர்மனென்ட் ஆயிட்டா எவனும் மேல கை வெக்க முடியாது. மெமோதான்."

"மெமோன்னா இன்னா?"

"பேப்பருமே. பேப்பரால அடிச்சா வலிக்காது."

அங்கம்மா கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள். அவன் கத்தினான்.

அடுத்து வாரியம் புல்லைக் காப்பாற்றக் கிளம்பியது. சுற்றிலும் முள்கம்பி வேலி. பன்னிரண்டு புல் காவலர்கள், கையில் லத்தி. அனுமதிச் சீட்டு இல்லாத எந்தக் காலும் புல்லில் படக்கூடாது. எந்தக் கால் என்று சொல்லாததால் ஆடு, மாடு, தபால்காரர், பால்காரர் என்று பேதமில்லாமல் அடி விழுந்தது. ஏரிக்குக் குறுக்கு வழியாகப் போன ஒரு கிழவருக்கு முழங்கால் சிப்பி பிசகியது. வேலிக்கு வெளியே நின்று காறித் துப்பியவனை எச்சில் உள்ளே விழுந்த தூரத்தை அளந்து, அடிக்கு ஒரு அடி என்று கணக்காக அடித்தார்கள்.

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் வந்தது. வாரியத்தின் புல் நிபுணர் டாக்டர் உலகநாதன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். மனித இரத்தத்தில் உப்பு இருக்கிறது; உப்பு ஏழாம் எண்ணுக்கு ஆகாது; இரத்தம் சிந்திய இடங்களில் புல் கருகுகிறது. மறுநாளே வேலியில் பலகை மாட்டினார்கள்: 'இங்கு இரத்தம் சிந்துவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.'

அதன்பிறகு காவலர்களுக்கு ரத்தம் வராமல் அடிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். ஈரமணல் மூட்டையைத் தொங்கவிட்டு ஒரு மாதம் அடித்துப் பழகினார்கள். மூட்டை கிழியக்கூடாது, உள்ளே மணல் மட்டும் இறுகிவிட வேண்டும். தேறியவர்களுக்குப் பித்தளை வில்லை. இருந்தாலும் மனித உடம்பு மணல் மூட்டை மாதிரி சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. ஆகவே அய்யாசாமிக்கு ஒரு கூடுதல் பொறுப்பு தந்தார்கள். அடி வாங்குகிறவன் எந்த நேரம் ரத்தம் விடுவான் என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். விடப்போகிறான் என்று தெரிந்ததும் கோணிச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வேலிக்கு வெளியே ஓட வேண்டும்.

ஒரு வருடத்தில் நாற்பத்து மூன்று பேரை அவன் அப்படி வெளியே சேர்த்தான். அதில் ஒருவன் தேவராஜ், கொரட்டூர் அணியின் சென்டர் ஃபார்வர்டு. உள்ளே விழுந்துவிட்ட பந்தை எடுக்க வந்தவன். காறை எலும்பு போய்விட்டது. அய்யாசாமியின் தோளில் தொங்கிக்கொண்டே அவன் கேட்டான்.

"அண்ணாத்தே, இந்த கிரவுண்டு எதுக்குக் கட்டிக்கினு கீறாங்க?"

"வெளையாடத்தான் தம்பி."

"அப்ப நான் யாரு?"

"வாய மூடு தம்பி. மூக்குலேர்ந்து வரப்போவுது. இன்னும் பத்தடிதான், தம் புடி."

அந்த மாத அறிக்கையில் எழுதியிருந்தது: 'புல்லுக்கு ஏற்பட்ட காயம், நான்கு அங்குலம். பிற காயங்கள், இல்லை.' கொரட்டூர் வாசகசாலையில் அதைப் படித்துவிட்டு நான் மேஜையைக் குத்தியதில் என் கைதான் வீங்கியது.

1989 தையில் திறப்பு விழா என்று முடிவாயிற்று. தலைமையிடத்திலிருந்து ஓர் உயரதிகாரி வருகிறார். கொரட்டூருக்கும் வானகரத்துக்கும் நட்பு ஆட்டம். அய்யாசாமியின் நிரந்தர ஆணை டைப் அடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் டாக்டர் உலகநாதன் கடைசிப் பரிசோதனைக்கு வந்தார். அவர் ஏழாம் எண்ணைப் படத்தில்தான் பார்த்திருந்தார். ஆனால் அருகைக் கல்லூரியில் படித்திருந்தார். பூதக்கண்ணாடியோடு நடு மைதானத்தில் மண்டியிட்டவர் எழுந்திருக்கும்போது முகம் வெளுத்திருந்தது.

"திடலில் சிறிது அருகு ஊடுருவியிருக்கிறது. ஒரு சதவீதம் இருக்கலாம்" என்றார்.

ராஜசேகரன் மேஜையைத் தட்டி எழுந்தார். "ஏழாம் எண்ணின் மடியிலேயே உட்கார்ந்துகொண்டு, ஏழாம் எண் மாதிரியே வேஷம் போடுகிறதா? பிடுங்குங்கள்! குஞ்சு குளுவான் என்று பார்க்காதீர்கள். எனக்கு இரக்கம் கிடையாது. அதனால்தான் என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள்."

உத்தரவு எழுதப்பட்டது: 'திடலில் உள்ள அருகு முழுவதையும் ஒரு வேர்கூட விடாமல் இரண்டு நாளில் அகற்றவும். ஏழாம் எண் புல்லை யாரும் தொடக்கூடாது.' கீழே ஜம்புலிங்கம் கையெழுத்துப் போட வேண்டும். இருப்பது மொத்தமும் அருகுதான் என்று சொன்னால் இத்தனை மாத அறிக்கைகளில் அவர் போட்ட கையெழுத்தெல்லாம் கழுத்தைப் பிடிக்கும். அதிலும் ஒரு கையெழுத்தைப் போட்டார். களை பறிக்க அங்கம்மாவின் ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினார். பொம்பளைகள் அங்கங்கே நாலு பிடி கிள்ளிப் போட்டுவிட்டுப் போவார்கள் என்று அவர் கணக்கு.

அய்யாசாமி இருந்திருந்தால் தடுத்திருப்பான். அவனை அன்று காலையே நாற்காலியும் மேஜையும் ஏற்றிவரப் பூந்தமல்லிக்கு லாரியில் அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் வேலை.

அங்கம்மா வேலி வாசலில் நின்று உத்தரவை ஒருவரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். அப்புறமும் நம்பாமல் ஜம்புலிங்கத்திடம் கேட்டாள்.

"ஐயா, அருகு மட்டுந்தானே?"

"ஆமா."

"மொத்தமுமா?"

"அதான் எழுதிக் கீதுல்ல? போய் ஆவுற வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் வரவேற்பு வளைவு கட்டுகிற இடத்துக்குப் போய்விட்டார்.

ஒன்றை அவர் மறந்துவிட்டார். அந்தப் பதினெட்டுப் பெண்களும் ஆயுளில் ஓர் அருகு வேரை மிச்சம் வைத்தவர்கள் இல்லை. மிச்சம் வைத்து, மழைக்கு அது மறுபடி தலைகாட்டினால் நிலக்காரர்கள் வரப்பிலேயே முடியைப் பிடித்து இழுத்து உதைப்பார்கள். அப்படி உதைத்தவர்களில் ஜம்புலிங்கத்தின் அப்பாவுக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பெயர் உண்டு. அவர் கற்றுக்கொடுத்த வேலைதான்.

வரிசையாக உட்கார்ந்து களைக்கொத்தால் தோண்டிக்கொண்டே போனார்கள். கணுவைப் பிடித்து இழுத்து, அடி வேர் எங்கே போகிறதோ அங்கே வரை முழம் முழமாகத் தோண்டினார்கள். ஏழாம் எண் புல்லைத் தொட்டுவிடக்கூடாதே என்று அங்கம்மாவுக்குப் பயம். ஒரு தாளாவது கண்ணில் பட்டால் சுற்றிக் குச்சி நட்டு அடையாளம் பண்ணலாம் என்று மைதானம் முழுக்கத் தேடினாள். அகப்படவில்லை. காவலர்கள் வந்து பார்த்தார்கள். எல்லாரிடமும் அனுமதிச் சீட்டு இருந்தது. ஒருத்தருக்கும் ரத்தம் வரவில்லை. குறையொன்றும் இல்லாததால் போய்விட்டார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் நாற்பது சாக்கு அருகு வேலியோரம் அடுக்கியிருந்தது. மைதானம் மொட்டை அடித்த தலை.

விழா அன்று காலை ஜம்புலிங்கம் வந்து பார்த்தார். பிறகு சாக்கு எண்ணிக்கொண்டிருந்த பெண்களை நோக்கி ஓடினார். உருளையின் இரும்புப் பிடி கையில் இருந்தது. முதல் அடி அங்கம்மாவின் முதுகில் விழுந்தது. இரண்டாவது தோளில்.

"நீதானேய்யா அருகு பறிக்கச் சொன்ன!" என்று அவள் கத்தினாள். "ஒரு வேரு காட்டு! ஒரு வேரு வுட்டிருந்தா அடி!"

நாற்காலி லாரியின் மேலிருந்து அய்யாசாமி குதித்து வந்தான். நடுவில் பாய்ந்தான். கை ஓங்கவில்லை, நடுவில் நின்றான், அவ்வளவுதான். மூன்றாவது அடி அவன் தாடையில் விழுந்தது. எலும்பு உடைகிற சத்தம் பந்தலில் மைக் கட்டிக்கொண்டிருந்தவனுக்கே கேட்டது.

பத்து மணிக்கு உயரதிகாரி வந்தார். விழாவை நிறுத்தலாமா என்று யாரோ கேட்டதற்கு, நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது என்றார் ராஜசேகரன். உயரதிகாரி மேடையேறி, டைப் அடித்து வைத்த உரையை நிமிராமல் படித்தார்.

"இந்தப் பச்சைக் கம்பளத்தைப் பார்க்கும்போது என் கண் குளிர்கிறது. இனி இந்த மண்ணில் ஓர் இளைஞனும் காயப்பட மாட்டான். இந்தப் புல் இரண்டு ஊர்களையும் ஒன்றுசேர்க்கும்..."

இரண்டாயிரம் பேர் மைதானத்தைப் பார்த்தார்கள். கொத்திப் புரட்டிய செம்மண், பல்லிளிக்கிற கல். முதலில் சிரித்தவன் தேவராஜ். பிறகு கொரட்டூர்ப் பக்கம் முழுவதும் சிரித்தது. வானகரத்துக்காரர்கள் கொஞ்ச நேரம் மரியாதைக்காகப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர்களும் சிரித்தார்கள்.

காவலர் தலைவன் மேடை ஓரம் வந்து குனிந்து கேட்டான். "ஐயா, சிரிக்கிறாங்க. ரத்தம் வரலாமா?"

ராஜசேகரன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "இரத்தத் தடை புல்லின் நலனுக்காக. புல் இல்லாத நிலையில் தடை பொருந்தாது" என்றார்.

ஒரு வருடத்துக்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு அடித்த பன்னிரண்டு பேர் அவிழ்த்துவிட்ட மாதிரி இறங்கினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு ஆளின் காது கிழிந்தது. ஒருவனின் பற்கள் மைக்கில் போய்த் தெறித்தன. தேவராஜின் பழைய காறை எலும்பின்மேலேயே லத்தி விழுந்தது. அவன் விழுந்த இடத்தில் குனிந்தான். கமிஷன் சொன்னபடியே கல் கிடைத்தது.

அதற்கப்புறம் நடந்ததை நான் பந்தல் காலுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். ஐம்பது வருடப் பகையாளிகளான கொரட்டூரும் வானகரமும் தோளோடு தோள் சேர்ந்து எறிந்தார்கள். பன்னிரண்டு காவலர்களின் மண்டையும் உடைந்தது, பித்தளை வில்லையோடு. வளைவு எரிந்தது. உயரதிகாரியின் காரைத் தலைகீழாகப் புரட்டிவிட்டார்கள். நல்லவேளை, அவர் மேடைக்கு அடியில் இருந்தார், கையில் உரையோடு. ஜம்புலிங்கத்தின் நெற்றி பிளந்தது. புல் இரண்டு ஊர்களையும் ஒன்றுசேர்க்கும் என்று உயரதிகாரி படித்தது பொய்யில்லை.

போலீஸ் வந்தது. எறிந்தவர்கள் ஓடிவிட்டார்கள். ஓடாமல் நாற்பது சாக்குக்குப் பக்கத்தில், புருஷனின் உடைந்த தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அங்கம்மாவைக் கைது செய்தார்கள். ஏழாம் எண் புல் இரண்டு ஏக்கரை நாசம் செய்தாள் என்று வழக்கு.

எட்டாம் நாள் வாரியத்தின் மாடியில் விசாரணை. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ராஜசேகரன், உலகநாதன், நெற்றியில் கட்டோடு ஜம்புலிங்கம். ஓரத்தில் இரண்டு பெண் போலீசுக்கு நடுவே அங்கம்மா. அவளுடைய இடது கை மணிக்கட்டு இரண்டு பங்கு வீங்கியிருந்தது. திறப்பு விழா அன்று அந்தக் கையில் அடி விழவில்லை. அய்யாசாமி தலைப்பாகைத் துணியால் தாடையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். வந்ததிலிருந்து அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அய்யாசாமி, நீ உத்தமன்" என்று ஆரம்பித்தார் ராஜசேகரன். "வாரியம் உன்னை எத்தனை தடவை அடித்திருக்கிறது! ஒரு தடவையாவது ஏன் என்று கேட்டாயா? உன்னைப் போன்றவர்களால்தான் நிறுவனங்கள் நிற்கின்றன. எங்களால் அல்ல. நாங்கள் உட்கார்ந்துதான் இருக்கிறோம். இதோ உன் நிரந்தர ஆணை. பேனாவைத் திறந்துவிட்டேன். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல். இது என்ன புல்?"

ஒரு சாக்கை அவன் காலடியில் கொட்டினார்கள்.

உலகநாதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். படித்தவர், நியாயமாகத்தான் விளக்கினார். "ஏழாம் எண் என்றால் உன் மனைவி குற்றவாளி. நீ நிரந்தரம். அருகு என்றால் அவள் உத்தரவை நிறைவேற்றியிருக்கிறாள், விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் அப்போது, அரசாங்கத் தண்ணீரை விட்டு இத்தனை மாதமாகக் களை வளர்த்தது யார் என்று கேள்வி வரும். தண்ணீர் விட்டது நீ."

"யோவ்" என்றாள் அங்கம்மா. "ஏழுன்னு சொல்லு."

"அமைதி!" என்றார் ராஜசேகரன்.

"நீ சும்மாரு சாரு. யோவ், உன்னதான். ஏழுன்னு சொல்லு, நான் பாத்துக்கிறேன்."

அய்யாசாமி குனிந்து ஒரு கொடியை எடுத்தான். காய்ந்திருந்தது. ஜம்புலிங்கத்தைப் பார்த்தான். அவர் ஜன்னலைப் பார்த்தார். வாய் சரியாகத் திறக்கவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

"அருகு சார்."

ராஜசேகரன் பேனாவை மூடினார். கையெழுத்து ஆகாததால் விதி ஒன்பது அந்த நிமிடமும் அமலில் இருந்தது. ஜம்புலிங்கம் எழுந்து வந்து, கட்டியிருந்த தாடையிலேயே ஒரு அறை விட்டார். அய்யாசாமி கண்ணாடிப் பெட்டியின்மேல் சாய்ந்தான். பெட்டி நொறுங்கியது. குளிர்தேசத்து மண் அவன் ரத்தத்தில் குழைந்து சேறானது. அந்தக் குற்றத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் ராஜசேகரன்.

அங்கம்மாவை விட்டுவிட்டார்கள். அவளுக்குப் பூட்டியிருந்த விலங்கையே கழற்றி அவனுக்கு மாட்டினார்கள், கொண்டுவந்தது ஒன்றுதான். கீழே ஜீப்பில் அவனை ஏற்றி உட்கார வைத்தபோது அவள் படி இறங்கி ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு அறிவு கீதாயா? ஏழுன்னு சொல்லியிருந்தா வேல ஆயிருக்கும். ஒருத்தன் உன்மேல கை வெச்சிருப்பானா? நான் ரெண்டு மாசம், மூணு மாசம் உள்ள இருந்துட்டு வந்திருப்பேன். இன்னாத்துக்கு இப்படிப் பண்ண?"

அவன் துணியை வாயிலிருந்து கொஞ்சம் கீழே தள்ளினான்.

"அடி வாங்கி எனக்குப் பழக்கம்மே. நீ வாங்கறதப் பாத்து பழக்கமில்ல."

அங்கம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எம்மா, உன்ன வுட்டாச்சு, எறங்கு" என்றார் கான்ஸ்டபிள். அவள் அசையவில்லை. அவர் லத்தியை நீட்டி அவள் தோளில் இடித்தார். வீங்கிய கையாலேயே அவள் அதைப் பிடித்து ஒரே இழுப்பாகப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப வண்டிய எடு நைனா" என்றாள்.